செத்தவராகவே இருந்துவிடுங்கள்

சாஃப்ரா, 1556 அக்டோபர் 20

சுவேரோ கால்வான் அவர்களுக்கு மென்சியா எழுதுவது.

நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள். இந்தச் செய்தி நேற்றுப் பிற்பகல் எனக்குக் கிடைத்தது. கொண்டுவந்தவர் கோவேறு கழுதை ஓட்டும் ரோகே. பெருங்கடலுக்கு அக்கரையில் மூன்று வருடம் சுமை ஓட்டிவிட்டு இப்போதுதான் ஊர் திரும்பியிருக்கிறார். துன்ஹாவில் உங்கள் வீட்டில் சாப்பிட்டதாகச் சொன்னார். இடது கையில் சுண்டுவிரல் போய்விட்டது, மூக்குத் தண்டில் பழைய தழும்பு அப்படியே இருக்கிறது என்றார். பிறகுதான் உங்கள் கடிதத்தை எடுத்து நீட்டினார். பத்திர எழுத்தரின் மகள் நான், கையெழுத்தில் ஏமாற மாட்டேன். அது உங்களுடையதுதான். ஆகவே இதை உறுதியான செய்தியாக எடுத்துக்கொள்கிறேன்.

இனி இங்குள்ள செய்தி. அது உங்களுக்குத் தெரியாது என்பது உங்கள் கடிதத்தைப் படித்ததும் புரிந்தது.

நீங்கள் இறந்து பத்து வருடம் ஆகிறது. உங்களோடு போன இரண்டு பேர் 1546இல் திரும்பி வந்தார்கள். மக்தலேனா ஆற்றங்கரைச் சேற்றில் உங்கள் தொடையில் விஷ அம்பு பாய்ந்ததையும், உடம்பு கறுத்து மூச்சு அடங்கியதையும் கண்ணால் பார்த்ததாக நற்செய்தி நூலின் மேல் கைவைத்துச் சொன்னார்கள். புதைக்க நேரமில்லாமல் இலை தழைகளால் மூடிவிட்டு வந்தார்களாம். ஒருவர் சொல்லும்போதே அழுதார். நேரில் பார்த்த இருவர் ஒரே மாதிரி சாட்சி சொன்னால் திருச்சபை ஏற்றுக்கொள்ளும். என்னை விதவை என்று எழுதினார்கள், மணி அடித்தார்கள். கோயிலுக்குள் உங்கள் அப்பாவைப் புதைத்த கல்லின் மேல் உங்களுக்கும் மெழுகுவத்தி ஏற்றினோம்.

மூன்று வருடம் கறுப்பு உடுத்தினேன். 1549இல் அதே கோயிலில் பெனித்தோ ராங்ஹெலைத் திருமணம் செய்துகொண்டேன். கடைத்தெருவில் குதிரைச் சேணம் தைக்கிறவர், உங்களுக்கும் தெரிந்திருக்கும். எங்களுக்கு லெயோனோர் என்று ஒரு பெண். ஐந்து வயது.

வீட்டை விற்றுவிட்டு அடுத்த கப்பல் கூட்டத்தில் கிளம்பி வா என்று எழுதியிருக்கிறீர்கள். இத்தனை வருடம் நான் எப்படி இருந்தேன் என்று ஒரு வரி இல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு கேள்வி மட்டும் உண்டு. நீங்கள் 1547 முதல் நல்ல உடம்போடு இருப்பதாகவும், ஒரு ஊரே உங்களுக்கு ஒப்படைக்கப்பட்டிருப்பதாகவும், வீட்டுக்கு ஓடு போட்டிருப்பதாகவும் ரோகே சொல்கிறார். அத்தனை வருடம் எழுதாதவர் இப்போது ஏன் எழுதினீர்கள்?

ரோகேயை மாதா படத்தின் முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கினேன்.

"யார்கிட்டயும் வாய் தொறக்க மாட்டேன் தாயே. குடிச்சா மட்டுந்தான் எனக்கு நாக்கு நிக்காது. இனிமே குடிக்கறதாவே இல்ல" என்றார். நான் ஊற்றி வைத்திருந்த மதுவைக் குடித்துவிட்டுத்தான் இதைச் சொன்னார்.

நீங்கள் உயிரோடிருந்தால் பெனித்தோ என் கணவர் இல்லை. லெயோனோருக்குத் தகப்பன் பெயர் நிலைக்குமா என்பதே கேள்வியாகிவிடும். சட்டம் உங்கள் பக்கம் என்பது எனக்குத் தெரியும். அதனால் சட்டத்தைச் சொல்லிக் கேட்கவில்லை, கெஞ்சித்தான் கேட்கிறேன். செத்தவராகவே இருந்துவிடுங்கள். உங்கள் கடிதத்தை எரித்துவிட்டேன். இதையும் நீங்கள் எரித்துவிடுங்கள்.

மென்சியா


துன்ஹா, 1557 ஜூலை 3

மென்சியா,

உன் கடிதத்தை வாசலில் நின்றபடியே படித்தேன். என் சாவுக்கு மணி அடித்த கதையை நானே படிக்க நேர்ந்தது. முதலில் சிரிப்புதான் வந்தது.

அந்த இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இலையால் மூடினார்கள், உண்மைதான். மூடுவதற்கு முன்னால் என் காலணிகளைக் கழற்றிக்கொண்டார்கள். நற்செய்தி நூலில் கைவைத்தபோது அதையும் சொன்னார்களா?

எனக்குக் கண் மூடியிருந்தது, காது கேட்டது. "பாவம், நல்ல தோல்" என்று ஒருவன் சொன்னான். என்னைச் சொல்கிறான் என்று நினைத்தேன். காலணியைச் சொல்லியிருக்கிறான்.

என்னைக் கண்டெடுத்தவர்கள் ஆற்றில் மீன் பிடிக்கிற சனம். ஒரு கிழவி தொடைச் சதையை அறுத்து எறிந்துவிட்டுக் கொள்ளிக்கட்டையால் சுட்டாள். ஆமை முட்டை கொடுத்தார்கள். நடக்க முடிந்ததும் அவர்களுடைய படகையே எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அடுத்த வருடம் நம் ஆட்கள் அந்தக் கரையை எரிக்கப் போனபோது வழி காட்டியவன் நான். பிறகு இரண்டு சண்டை. விரல் போனது அங்கேதான். அதற்குக் கூலியாகத்தான் துசாகா என்ற ஊரை எனக்கு ஒப்படைத்தார்கள். குளிர்ந்த மலை. ஊரார் பருத்திப் போர்வை நெய்கிறார்கள், கிழங்கும் சோளமும் போடுகிறார்கள். போர்வையும் தானியமும் எனக்கு. அவர்களுக்கு வேதம் சொல்லிக்கொடுக்க ஒரு பாதிரியாரை வைத்திருப்பது என் கடமை.

ஏன் இப்போது எழுதினேன் என்று கேட்டாய். மறைக்கவில்லை. ஊர் வைத்திருப்பவன் மனைவியோடு குடித்தனம் செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது. மனைவியைக் கடலுக்கு அந்தப் பக்கம் விட்டிருந்தால் கூட்டி வர வேண்டும். இல்லையென்றால் அவனைக் கப்பலேற்றிவிட்டு ஊரை வேறொருவனுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆர்தீலெஸ் என்று ஒருவன், போன வருடம்தான் வந்து இறங்கினான், அம்பு பறக்கும் சத்தம்கூடக் கேட்டதில்லை. எனக்கு சாஃப்ராவில் மனைவி இருக்கிறாள் என்று அவன்தான் மனு போட்டிருக்கிறான். துசாகா அவனுக்கு வேண்டுமாம்.

சந்தையில் நாலு பேர் நடுவில் கேட்டான். "கால்வான் ஐயா, வீட்டம்மா எப்ப வர்றாங்க? பதினஞ்சு வருசமா மூட்டை கட்டிக்கிட்டே இருக்காங்களோ?"

"வந்ததும் மொதல்ல உன் மூஞ்சியத்தான் காட்டணும்னு இருக்கேன். பயந்து அடுத்த கப்பல்ல திரும்பிடுவாளேன்னுதான் யோசனை" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். மனுவை விசாரிக்கும் நீதிபதியும் அங்கே இருந்தார், அவர் சிரிக்கவில்லை. அடுத்த வருடக் கிறிஸ்துமஸ் வரை தவணை கொடுத்திருக்கிறார்.

நீ வர வேண்டும். அந்தச் சேணக்காரன் உனக்கு யாருமில்லை. பெண்ணையும் அழைத்து வா, அண்ணன் மகள் என்று சொல்லிக்கொள்கிறேன். வரவில்லையென்றால் அங்குள்ள திருச்சபை நீதிபதிக்கு நானே எழுதுவேன். என் மனைவி இன்னொருவன் வீட்டில் இருக்கிறாள் என்று ஒரே வரி போதும். காவலோடு அனுப்பி வைப்பார்கள். அப்படிச் செய்ய எனக்கு ஆசையில்லை. ஆனால் தொடையையும் விரலையும் கொடுத்து வாங்கிய ஊரை ஆர்தீலெஸுக்குத் தாரை வார்க்க மாட்டேன்.

வீட்டில் இருக்கும் பெண்ணைப் பற்றி ரோகே ஏதாவது உளறியிருப்பான். துசாகாக்காரி. ஞானஸ்நானத்தில் பெயாத்ரிஸ் என்று பெயர் வைத்தோம். சமைக்கிறாள். இரண்டு பையன்கள். இங்கே எல்லார் வீட்டிலும் இதுதான் வழக்கம். நீ வந்தால் உனக்குக் கீழேதான் இருப்பாள்.

சுவேரோ


சாஃப்ரா, 1558 மார்ச் 12

சுவேரோ அவர்களுக்கு,

உங்கள் மிரட்டல் கிடைத்தது. அதை இரண்டு முறை படித்துவிட்டுப் பெனித்தோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டறையில் சேணத்துக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியை நிறுத்தவில்லை.

"ஆவிகள் திருநாளுக்கு வருசா வருசம் அந்தாளு கல்லு மேல ரொட்டியும் மதுவும் வெச்சது நான்தானே? ஒன்பது வருச ரொட்டி. திருப்பிக் கேட்டா குடுப்பாரா?"

"விளையாடற நேரமா இது?"

"விளையாடாம என்ன செய்யச் சொல்ற? ஊசிய எடுத்துக்கிட்டு அக்கரைக்குப் போயி அவரைக் குத்தவா?"

அந்த ஓரத்தைத் தைத்து முடித்தார். கடைசியில், "லெயோனோருக்கு மட்டும் தெரிய வேணாம்" என்றார்.

போன நவம்பரில் ஆவிகள் திருநாள் வந்தது. நாங்கள் ரொட்டி வைக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள். அதனால் நீங்கள் உயிரோடிருப்பது எனக்குத் தெரிந்தே உங்கள் ஆன்மாவுக்கு ரொட்டி வைத்தோம், மெழுகுவத்தி ஏற்றினோம். அப்போது ஒன்றும் தெரியாத பெனித்தோ வழக்கம்போல முழங்காலிட்டார். நான் உங்களுக்காக என்ன செபித்தேன் என்று கேட்காதீர்கள்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் கர்ப்பமாக இருக்கிறேன். கோடையில் பிறக்கும். என் அப்பாவிடம் இப்படிப்பட்ட வழக்குகள் எழுத வருவார்கள், கேட்டே வளர்ந்தவள் நான். முதல் கணவர் இறந்துவிட்டார் என்று மனமார நம்பிச் செய்த திருமணத்தில் பிறந்த பிள்ளையைத் திருச்சபை தள்ளாது. லெயோனோர் அப்படிப் பிறந்தவள். ஆனால் அவர் உயிரோடிருப்பது தெரிந்த பிறகும் சேர்ந்து வாழ்ந்தால் அது குற்றம், அப்போது பிறக்கும் பிள்ளைக்குப் பெயர் இல்லை. என் வயிற்றில் இருப்பது அந்தப் பிள்ளை. எனக்கு எப்போது தெரியும் என்பதில்தான் இனி எல்லாமே இருக்கிறது. அது நான்கு பேருக்குத்தான் தெரியும். நீங்கள், நான், பெனித்தோ, ரோகே.

உங்களுக்கு ஊர் போகக் கூடாது. எனக்குப் பிள்ளைகளின் பெயர் போகக் கூடாது. இரண்டும் நடக்க ஒரு வழி இருக்கிறது. என்னைக் கொன்றுவிடுங்கள்.

உங்களை இங்கே சாகடித்தது இரண்டு சாட்சிகள்தான். அங்கேயும் இரண்டு பேரைத் தேடுங்கள். சாஃப்ரா சந்தைக்கு வந்து போனவன் எவனாவது அங்கே இருப்பான். போன இலையுதிர் காலத்தில் இங்கே விஷக்காய்ச்சல் வந்தது உண்மை, எங்கள் தெருவிலேயே பலர் போனார்கள். அதில் நானும் போனதாகச் சொல்லட்டும். நீங்கள் மனைவியை இழந்தவர் ஆகிவிடுவீர்கள். பிறகு திருமணம் செய்துகொள்ளுங்கள். மனைவியோடு குடித்தனம் செய்கிறவரிடம் ஊரைப் பிடுங்க முடியாது.

ஆனால் ஒரு நிபந்தனை. உங்கள் வீட்டில் இருக்கும் அந்தப் பெயாத்ரிஸையே கட்டிக்கொள்ளுங்கள். வேறு யாரும் வேண்டாம். அவளுக்காகக் கடல் தாண்டி எழுதிக் கேட்க யாரும் இல்லை. தகப்பன் உள்ள வெள்ளைக்காரப் பெண் என்றால் அந்தத் தகப்பன் கேள்வி கேட்பான். ஒரே ஒரு கேள்வி இந்தப் பக்கம் வந்தால் போதும், நாங்கள் மூன்று பேரும், பிறக்கப்போகிறதும் தீர்ந்தோம்.

இது நான் கேட்கும் இரண்டாவது உதவி. மூன்றாவது இருக்காது.

மென்சியா


துன்ஹா, 1558 டிசம்பர் 18

மென்சியா,

நீ செத்துவிட்டாய். போன மாதம் ஆயரின் எழுத்தர் முன்னால் உறுதியானது.

சாட்சி சொன்னவர்கள் இரண்டு பேர். ஒருவன் சாஃப்ராவில் செருப்புத் தைத்தவன், இன்னொருவன் நொண்டிச் சிப்பாய். சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகச் சொன்னார்கள். நொண்டி மட்டும் கடைசி நேரத்தில் நீ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதாகச் சேர்த்துக்கொண்டான். நான் அதைச் சொல்லச் சொல்லவில்லை. எழுத்தர் எழுதுகிற இறகை வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். உனக்குப் பாட்டுப் பூசை வைத்தேன். கறுப்பு உடுத்தியிருக்கிறேன். ஆர்தீலெஸ்கூடத் தொப்பியைக் கழற்றினான், சுளித்த முகத்தோடு.

துசாகா பாதிரியார் மறுநாளே வந்தார்.

"பெயாத்ரிஸ கூட்டிக்கிட்டு நாளைக்குக் காலைல பூசைக்கு வாங்க. முடிஞ்சதும் மோதிரத்தப் போட்டு விட்டுடறேன். ரெண்டு பசங்களுக்கும் பேரு கிடைக்கும். ஒரு கேள்வி கேக்க மாட்டேன், எனக்கு எல்லாந் தெரியும்" என்றார்.

யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். உனக்கு இது புரியாது, மென்சியா. சாஃப்ராவில் நான் தோல் பதனிடுகிறவனின் மகன். இங்கே கோயிலில் முதல் வரிசையில் உட்காருகிறேன். அந்த வரிசையில் பெயாத்ரிஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஆர்தீலெஸ் சிரிப்பான். பதினாறு வருடம் நான் பட்டதெல்லாம் அதற்கா?

ஓர்துன்யோ என்று ஒருவன், போரில் என் பக்கத்தில் நின்றவன். அவனுக்கு ஒரு மகள் இருக்கிறாள். பதினாறு வயது. பேசி முடித்துவிட்டோம்.

பெயாத்ரிஸிடம் சொன்னேன். சோளம் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணுக்கு அரைக்கத் தெரியுமா?"

"நீ இருக்கியே, நீ அரைப்ப."

"கோழி அறுக்க? உங்க தொடைல சீழ் வெச்சா கட்டிவிட?"

"அதுவும் நீதான்."

"அப்ப அவ எதுக்கு வர்றா?" என்றாள். எழுந்து போய்விட்டாள்.

நீ பயப்படுகிற விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். ஓர்துன்யோ, "மாப்ள, உங்க வார்த்தை எனக்குப் போதும். என் பொண்டாட்டிக்குத்தான் போதல" என்றான். உன் பங்குக் கோயிலிலிருந்து நீ செத்ததற்கு ஒரு சான்று வேண்டுமாம். எழுத்தரும் இந்தக் கப்பல் கூட்டத்திலேயே சாஃப்ராவுக்கு ஒரு விசாரணைக் கடிதம் எழுதிவிட்டார். கலங்காதே. அவருக்கு துசாகாவின் நல்ல போர்வை ஒன்றைக் கொடுத்தேன். "அது தண்ணில விழுந்துடுச்சுன்னே வெச்சுக்கங்க ஐயா" என்றார். பதில் வராவிட்டால் அடுத்த வருடம் கல்யாணத்தை வைத்துக்கொள்ள ஓர்துன்யோவும் சம்மதித்துவிட்டான்.

இங்கே பெரியம்மை வந்திருக்கிறது. கரையில் ஆரம்பித்து மலைக்கு ஏறிவிட்டது. துசாகாவிலும் படுத்திருக்கிறார்கள். இந்தத் தவணைப் போர்வைகள் வரவில்லை என்று நானே போனேன். ஊர்த் தலைவன் நம் மொழி நன்றாகப் பேசுவான். நெய்கிற வீட்டைத் திறந்து காட்டினான். தறிகளுக்குப் பக்கத்திலேயே கிடந்தார்கள்.

"எண்ணி எடுத்துக்கங்க எசமான். போர்வையா வேணும்னா இல்ல, போத்திக்கிட்டுக் கெடக்கறவங்களா வேணும்னா நெறைய இருக்காங்க" என்றான்.

வேறு சமயமாக இருந்தால் அந்த வாய்க்கு அவனைக் கட்டி வைத்து அடித்திருப்பேன். மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டேன்.

சுவேரோ


துன்ஹா, 1559 ஜூன் 9

மென்சியா,

சுருக்கமாக எழுதுகிறேன். எனக்கு அம்மை இல்லை, சின்ன வயதிலேயே வந்து போய்விட்டது. பெயாத்ரிஸுக்கு வந்தது. பிழைத்தாள், முகம் போய்விட்டது. பையன்கள் இரண்டு பேரும் பிழைக்கவில்லை.

துசாகாவில் புகை எழும் வீடுகள் மிகக் குறைவு. தலைவன் அம்மையில் போய்விட்டான். பாதிரியாரும் போய்விட்டார். மிச்சமிருந்தவர்கள் மலைக்குப் பின்னால் ஓடிவிட்டார்கள். அறுக்க ஆளில்லாமல் சோளம் நின்றபடியே காய்கிறது.

ஓர்துன்யோ வந்தான். உட்காரவில்லை. "தப்பா நெனைக்காதீங்க. ஊரில்லாத மாப்ளைக்கு எப்பிடிப் பொண்ணக் குடுக்கறது?" என்றான். ஆர்தீலெஸ் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டான். சந்தையில் பார்த்துச் சொன்னான்: "நீங்களே வெச்சுக்கங்க கால்வான் ஐயா. பேய்ங்ககிட்டயா வரி வாங்கறது?" நான் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

இரண்டு வாரத்துக்கு முன் பெயாத்ரிஸிடம், வா, கல்யாணம் செய்துகொள்ளலாம் என்றேன்.

"யாருக்குப் பேரு வெக்கறதுக்கு?" என்று கேட்டாள். இப்போது அதே வீட்டில் இருக்கிறாள். சமைத்து வைக்கிறாள். என்னோடு பேசுவதில்லை.

உனக்கு இனி என்னால் ஒரு தொல்லையும் இல்லை. எனக்கு மனைவி தேவைப்படுகிற காரணம் தீர்ந்துவிட்டது. யாருக்கும் எழுத மாட்டேன். நீ கேட்டபடியே செத்தவனாக இருந்துவிடுகிறேன்.

சுவேரோ


சாஃப்ரா, 1560 மே 27

சுவேரோ அவர்களுக்கு,

அந்த விசாரணைக் கடிதம் தண்ணீரில் விழவில்லை. சென்ற செப்டம்பரில் வந்து சேர்ந்தது. நான் அதைக் கண்ணால் பார்த்தேன், கையெழுத்தையும் முத்திரையையும் பார்த்தேன். உங்கள் டிசம்பர் கடிதமும் அதே பையில்தான் வந்தது. பங்குச் சாமியார் வீடு ஊர் வாசலுக்கு அருகில் இருப்பதால் அவருக்கு முதலில் போயிற்று.

சாமியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மத்தேயோவை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். முன்பு எழுதினேனே, அவன்தான், 1558 கோடையில் பிறந்தவன்.

"மென்சியா, நீ செத்துட்டியான்னு கேட்டு எழுதியிருக்காங்கம்மா" என்றார்.

நான் சிரித்தேன். "பாத்தா எப்பிடித் தெரியுது சாமி?"

"கேள்வி அது இல்ல. கேக்கறது யாருக்காகன்னு படி."

படித்தேன். துன்ஹாவில் குடியிருக்கும் சுவேரோ கால்வான் மறுமணம் செய்ய விரும்புவதால், அவருடைய மனைவி மென்சியா இறந்தது உண்மையா என்று தெரிவிக்கவும். நான் உயிரோடிருப்பதற்குச் சாமியாருக்குச் சான்று தேவைப்படவில்லை. நீங்கள் உயிரோடிருப்பதற்கும் அதன்பின் தேவைப்படவில்லை. மத்தேயோ அந்தக் காகிதத்தைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டான். சாமியார் மெல்ல வாங்கி ஈரத்தைத் துடைத்தார்.

உங்கள் டிசம்பர் கடிதத்தை அன்று மாலை படித்தேன். கலங்காதே என்று எழுதியிருந்தீர்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்று, வீட்டில் இருப்பவளையே கட்டிக்கொள்ளுங்கள் என்று.

அன்றே பெனித்தோவைப் பிரித்துவிட்டார்கள். அவர் தம்பி வீட்டில் இருக்கிறார். என்னோடு பேசக் கூடாது என்று உத்தரவு. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலின் மறுபக்கத்தில் நிற்கிறார். லெயோனோர் கையசைத்தால் தலையை மட்டும் ஆட்டுகிறார். சென்ற நவம்பரில் உங்கள் கல்லின் மேல் யாரும் ரொட்டி வைக்கவில்லை.

திருச்சபை நீதிபதி இரண்டு முறை விசாரித்தார். குரலை உயர்த்தாதவர். திரும்பத் திரும்ப ஒரே கேள்விதான். "உன் முதல் புருஷன் உயிரோட இருக்கறது உனக்கு எப்பத் தெரியும்?"

"சாமி வீட்டுல அந்தக் காகிதத்தப் படிச்சப்பத்தான்" என்றேன். சிலுவையின் மேல் கைவைத்துத்தான் சொன்னேன். பெனித்தோவும் தனியாக அதையே சொன்னார் என்று அவர் தம்பி மூலம் தெரிந்தது.

நாங்கள் சொன்னதை நம்பினால் தீர்ப்பு இப்படி இருக்கும் என்று அப்பாவின் பழைய கூட்டாளியான எழுத்தர் சொல்கிறார். திருமணம் செல்லாது. ஆனால் குற்றமில்லை. பிள்ளைகள் இருவருக்கும் தகப்பன் பெயர் நிலைக்கும், அவர்கள் பெனித்தோவிடம் வளர்வார்கள். நான் என் சட்டப்படியான கணவரிடம் போய்ச் சேர வேண்டும். கோடையில் கிளம்பும் கப்பல் கூட்டத்தில் ஏற்றிவிடுவார்கள்.

நம்பாவிட்டால் பெனித்தோவுக்குக் கசையடி, பிறகு துடுப்பு வலிக்கும் கப்பல். அவருக்கு நாற்பத்தாறு வயது. அந்த வயதில் அங்கே போன யாரும் திரும்பியதில்லை. மத்தேயோவுக்குப் பெயர் இல்லை. எனக்கு என்ன தண்டனை என்று நான் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி நான்கு வருடத்துக்கு முன் ஒரு நாளை ஞாபகம் வைத்திருக்கிறாள். ஒரு கழுதைக்காரர் எங்கள் முற்றத்துக்கு வந்ததையும், நான் அன்று கதவைச் சாத்தியதையும் நீதிபதியிடம் சொல்லியிருக்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை. அதனால் ரோகேக்கு அழைப்பாணை போயிருக்கிறது. அவர் செவில் துறைமுகத்திலிருந்து சுமையோடு வந்துகொண்டிருக்கிறார்.

உங்கள் ஜூன் கடிதம் சென்ற மாதம் வந்தது. பையன்கள் இறந்ததைப் படித்தேன். அவர்கள் பெயரை நீங்கள் ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. அந்தப் பெண்ணைக் கேட்டுத் தெரிந்துவைத்திருங்கள். அவளுக்கு ஞானஸ்நானத்துக்கு முன்பு ஒரு பெயர் இருந்திருக்கும், முடிந்தால் அதையும். நான் அந்த வீட்டுக்கு வருவதாக இருந்தால் அவளை எதையாவது சொல்லிக் கூப்பிட வேண்டும். அவளுக்குக் கீழே நான் இருந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை.

என் கடிதங்களை எரித்துவிட்டதாக நீங்கள் ஒருமுறையும் எழுதவில்லை. எரித்துவிடுங்கள். எனக்கு எப்போது தெரியும் என்பது அவற்றில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. துன்ஹாவுக்கும் ஒரு நாள் ஆள் அனுப்பிக் கேட்பார்கள்.

இதையும் எழுதக் கூடாதுதான். எழுதிப் பெனித்தோவின் தம்பியிடம் கொடுத்துவைக்கிறேன். ரோகே சாட்சி சொல்லும்வரை இது தம்பியின் சட்டைக்குள் இருக்கும். ரோகே வாயைத் திறந்துவிட்டால் அடுப்பில் போடுவார். திறக்காவிட்டால் செவிலுக்குக் கொண்டுபோய் முதலில் கிளம்பும் கப்பலில் ஒரு மாலுமியிடம் கொடுப்பார். ஆகவே இது உங்கள் கையில் இருந்தால் பிள்ளைகள் தப்பித்தார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். அவர்களை விட்டுவிட்டு நான் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறேன் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். முதல் கடிதத்தில் நீங்கள் கேட்டது அதுதான்.

ரோகேயின் சாட்சியம் பெந்தெகொஸ்து ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை, காலைப் பூசை முடிந்ததும். நேற்று முன்தினம் செவில் பாதையிலுள்ள மொனெஸ்தேரியோ சத்திரத்தில் அவரைப் பார்த்ததாக ஒரு கம்பளி வியாபாரி சொன்னார். கையில் கோப்பை இருந்ததா என்று கேட்டேன். கவனிக்கவில்லை என்றார்.

மென்சியா